எவர்சில்வர்த் தட்டில் புகைப்படம்: லேசரில் சாம்பல் நிறம் விழவே மாட்டேன் என்கிறது

பெயர்வெட்டும் பட்டறை (காரைக்குடி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். 20 வாட் ஃபைபர் லேசர், க்யூ-சுவிட்ச் வகை (ஒளித் துடிப்பின் நீளத்தை மாற்ற முடியாதது), 160 மி.மீ. லென்ஸ். சீர்வரிசைச் சாமான்களில் விலாசம், பெயர், நாள் போடுவதில் எந்தச் சிரமமும் இல்லை. எழுத்துக்குக் கருப்பு ஒன்று போதும்.

இப்போது ஒரு மணிவிழாவுக்கு வேலை வந்திருக்கிறது. பளபளப்பான 304 தர எவர்சில்வர்த் தட்டில், தம்பதியின் பழைய கல்யாணப் படத்தைப் பதிக்க வேண்டும். மென்பொருளில் சாம்பல் முறையை (நிறத்துக்கேற்பப் பவரை ஏற்றி இறக்குவது) தேர்ந்தெடுத்தால், 30 சதவீதப் பவருக்குக் கீழே எதுவும் விழுவதில்லை. 45-ஐத் தாண்டினால் எல்லாம் ஒரே கருப்பு. இடையில் இருக்க வேண்டிய கன்னம், புடவை மடிப்பு, கழுத்துரு (செட்டிநாட்டுத் தாலி நகை) எல்லாம் காணாமல் போகின்றன. புள்ளி முறையில் 1000 டிபிஐ (ஓர் அங்குலத்தில் 1000 புள்ளி) வைத்தேன். முகமே கரித்துண்டு போல வருகிறது. நெற்றியில் பழுப்பும் நீலமுமாகத் திட்டுகள் வேறு.

படத்தில் இருப்பவர்கள் கேட்டது ஒன்றுதான்: "எங்கள் முகம் எங்கள் முகமாகத் தெரிய வேண்டும்." அதைச் செய்து கொடுக்க விரும்புகிறேன். வழி சொல்லுங்கள்.


பழைய அச்சுக்கூடம் (தேவகோட்டை) எழுதியது:

தம்பி, லேசர் எனக்குத் தெரியாது. ஆனால் கருப்பு மை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு காலமெல்லாம் முகங்களை அச்சடித்தவன் நான். உங்கள் சிக்கல் எனக்குப் பழக்கமானது.

அச்சு இயந்திரத்தில் சாம்பல் நிற மை கிடையாது. நாளிதழில் வரும் கருப்பு வெள்ளைப் படத்தை ஒரு பூதக்கண்ணாடியில் பாருங்கள். எல்லாப் புள்ளியும் முழுக் கருப்பு. கன்னத்தில் சிறிய புள்ளிகள், தலைமுடியில் பெரிய புள்ளிகள், அவ்வளவுதான். சாம்பலை உண்டாக்குவது கண். ஆகவே பவரை ஏற்றி இறக்கிச் சாம்பலைத் தேடுவதை முதலில் விட்டுவிடுங்கள். எல்லாப் புள்ளியையும் ஒரே கருப்பாக வைத்து, எத்தனை புள்ளி, எவ்வளவு நெருக்கம் என்பதை மட்டும் மாற்றுங்கள்.

அடுத்தது 1000 டிபிஐ. உங்கள் லேசர்ப் புள்ளியின் விட்டம் எவ்வளவு?


கோவை ஃபைபர் எழுதியது:

ஐயா கேட்ட கேள்வியில்தான் விடையே இருக்கிறது. 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி, 160 மி.மீ. லென்ஸ், லென்ஸுக்குள் போகும் கற்றை சுமார் 7 மி.மீ. என்று எடுத்துக்கொண்டால் புள்ளியின் விட்டம் ஏறத்தாழ 0.05 மி.மீ. வரும். 1000 டிபிஐ என்றால் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடைவெளி 0.0254 மி.மீ. புள்ளியின் அகலத்தில் பாதி இடைவெளியில் அடுத்த புள்ளியை வைக்கிறீர்கள். பரப்பளவில் கணக்குப் போட்டால், ஒரு கட்டத்துக்கு ஒதுக்கிய இடத்தைப் போல மூன்று மடங்கு இடத்தை ஒவ்வொரு புள்ளியும் எரிக்கிறது. படத்தில் மூன்றில் ஒரு பங்கு கருப்பு இருந்தாலே தட்டு முக்கால்வாசி நிறைந்துவிடும். நடு நிறங்கள் காணாமல் போவதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டியதில்லை.

டிபிஐ கூடினால் படம் தெளிவாகும் என்பது திரைக்குப் பொருந்தும். உலோகத்தில் புள்ளியின் விட்டம்தான் எல்லை. 25.4-ஐப் புள்ளி விட்டத்தால் வகுத்தால் வருவது 508. அதுவே உங்கள் உச்சவரம்பு. நான் அதற்கும் கீழே வைப்பேன். இடைவெளி 0.07 மி.மீ., அதாவது சுமார் 363 டிபிஐ. கையில் பிடித்துப் பார்க்கும் தட்டுக்கு இது தாராளம்.

பவரை மாற்றி ஏன் சாம்பல் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். காகிதமோ மரமோ கொஞ்சம் சுட்டால் கொஞ்சம் கருகும். உலோகம் அப்படி நடந்துகொள்வதில்லை. ஒரு வாசல் இருக்கிறது. அதற்குக் கீழே ஒளி பெரும்பாலும் திரும்பிப் போகிறது, மிச்ச வெப்பம் தட்டுக்குள் பரவிக் கரைகிறது. வாசலைத் தாண்டியதும் மேற்பரப்பு உருகுகிறது, ஆவியாகிறது, ஆக்சைடு படிகிறது. நீங்கள் சொன்ன 30-க்கும் 45-க்கும் இடைப்பட்ட இடம்தான் அந்த வாசல். 256 படிகளை அந்தக் குறுகிய இடத்தில் அடைக்க முயன்றால், தட்டு அரை மில்லிமீட்டர் வளைந்திருந்தாலும் எல்லாம் கலைந்துவிடும்.


பழைய அச்சுக்கூடம் (தேவகோட்டை) எழுதியது:

அச்சில் இதற்குப் புள்ளிப் பெருக்கம் என்போம். தகட்டில் 50 சதவீதம் இருக்கும், காகிதத்தில் மை பரவி 70 ஆகிவிடும். அதனால் பரவப்போகும் அளவை முன்கூட்டியே அறிந்து படத்தை வெளுக்க வைத்துத்தான் தகடு எடுப்போம்.

அதை அறிய ஒரே வழி படிப்பட்டை. 0, 10, 20 என்று 100 வரை பதினொரு கட்டங்கள். அதை உங்கள் லேசரில், அதே வகைத் தட்டில், அதே அமைப்பில் பதியுங்கள். எந்தக் கட்டத்தில் முதல் நிறம் தெரிகிறது, எந்தக் கட்டத்துக்கு மேல் வித்தியாசம் தெரியவில்லை என்று பாருங்கள். அது தெரியாமல் புகைப்படத்தைத் தொடக்கூடாது. ஒவ்வொரு உலோகத்துக்கும் தனிப் பட்டை வேண்டும். போன மாதம் வாங்கிய தட்டின் பட்டையை இந்த மாதத் தட்டுக்கு நம்பாதீர்கள்.


மின்வேதியியல் மாணவி (காரைக்குடி) எழுதியது:

நெற்றியில் வந்த பழுப்பையும் நீலத்தையும் பற்றி மட்டும் எழுதுகிறேன், அண்ணா.

304 எவர்சில்வரில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். லேசர் மெதுவாகச் சுடும்போது மேற்பரப்பில் ஆக்சைடு படலம் வளர்கிறது. அது மிக மெல்லியதாக இருக்கும்போது, படலத்தின் மேலிருந்து திரும்பும் ஒளியும் அடியிலிருந்து திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று குறுக்கிட்டு நிறம் காட்டுகின்றன. படலம் தடிக்கத் தடிக்க வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று போகும். வெல்டிங் செய்த இடத்தைச் சுற்றிப் பார்த்திருப்பீர்கள், அதே நிறங்கள். அதாவது குறைந்த வெப்பத்தில் இளஞ்சாம்பல் கிடைப்பதில்லை, மஞ்சள்தான் கிடைக்கிறது. பவரை மாற்றிச் சாம்பல் எடுக்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். புள்ளி ஒவ்வொன்றும் முழுக் கருப்பாகும் வரை சூடாக வேண்டும். அரைகுறைச் சூடுதான் நிறத்தைக் கொண்டுவருகிறது.

இன்னொன்று. ஆக்சைடு வளரும்போது குரோமியம் அந்தப் படலத்துக்கு ஏறிவிடுவதால், அதற்கு அடியில் குரோமியம் குறைந்த அடுக்கு உருவாகிறது. எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதே குரோமியத்தால்தான். அதனால் கருப்பு விழுந்த இடம் உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்கலாம். சாம்பார் ஊற்றிச் சாப்பிடும் தட்டு என்றால், படத்தைப் பின்புறம் அல்லது விளிம்பில் வையுங்கள். சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் காப்புப் படலத்தை மீட்கும் முறை தொழிற்சாலைகளில் உண்டு. ஆனால் கடுமையான அமிலக் கலவை கருப்பையே தின்றுவிடும். எதைச் செய்தாலும் வேறொரு துண்டில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

அரிமானத்தை, அதாவது உலோகம் துருப்பிடித்து அரிபடுவதைப் பற்றி நம் ஊரில் இவ்வளவு பேச முடிவதே ஒரு பேறு. அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் தந்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1948-இல் இங்கே அடிக்கல் நாட்டினார்கள், 1953-இல் திறந்தார்கள். உலோக மேற்பரப்பு என்றால் என்ன என்று இந்த ஊர் மாணவர்கள் பக்கத்திலேயே போய்க் கற்க முடிகிறது.


சென்னை மோப்பா எழுதியது:

புள்ளி முறைதான் ஒரே வழி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மோப்பா வகை லேசரில் பல்ஸின் (விட்டு விட்டு வரும் ஒளித் துடிப்பின்) நீளத்தையே மாற்றலாம். சில நானோவினாடியிலிருந்து சில நூறு நானோவினாடி வரை போகும். அதிர்வெண்ணும் (வினாடிக்கு எத்தனை பல்ஸ் என்பது) க்யூ-சுவிட்ச் வகையைவிட மிக அகலமாகக் கிடைக்கும். பல்ஸ் நீளம், வேகம், அதிர்வெண் மூன்றையும் சேர்த்து மாற்றி, எவர்சில்வரில் ஐந்தாறு உண்மையான சாம்பல் படிகளை நான் எடுக்கிறேன். படத்தை ஐந்தாறு அடுக்காகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்குக்கும் தனி அமைப்பு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் புள்ளி தெரியாது. ஆனோடைஸ் செய்த (மின்சாரத்தால் ஆக்சைடு பூச்சு ஏற்றிய) அலுமினியத்தில் குறுகிய பல்ஸ் தரும் ஆழ்ந்த கருப்பு க்யூ-சுவிட்சில் வரவே வராது.


கோவை ஃபைபர் எழுதியது:

மறுக்கவில்லை. சின்னம், படவிளக்கம் போன்றவற்றுக்கு அது அழகான முறை. ஆனால் முகத்துக்கு ஐந்தாறு படி போதாது. கன்னத்திலிருந்து தாடைக்கு நிழல் இறங்கும் இடத்தில் வரைபடத்தின் உயரக்கோடுகள் போல வளையம் வளையமாகத் தெரியும். அந்த ஐந்தாறு அடுக்குகளுக்கு இடையிலும் புள்ளி தூவித்தான் கலக்க வேண்டியிருக்கும். மேலும் இந்தத் தம்பியிடம் இருப்பது 20 வாட் க்யூ-சுவிட்ச். மணிவிழாவுக்குள் அவர் புது இயந்திரம் வாங்கப் போவதில்லை. இருப்பதை வைத்து நல்ல படம் எடுக்க முடியும் என்பதே என் வாதம்.

அமைப்பு கேட்பீர்கள், சொல்கிறேன். ஆனால் இதைத் தொடக்கமாக மட்டும் கொள்ளுங்கள். புள்ளிக்குப் புள்ளி நின்று சுடும் முறை. இடைவெளி 0.07 மி.மீ. அதிர்வெண் 40 கிலோஹெர்ட்ஸ். ஒவ்வொரு புள்ளியிலும் 0.3 மில்லிவினாடி, அதாவது 12 பல்ஸ். பவர், நீங்கள் எழுத்துக்கு வைப்பதில் பாதியில் தொடங்குங்கள். ஒற்றைப் பல்ஸ் எவர்சில்வரில் வெளிறிய குழிதான் தரும். அடுத்தடுத்து விழும் பல்ஸ்கள்தான் கருப்பைக் கட்டுகின்றன. 100 மி.மீ. சதுரத்தில் சுமார் 20 லட்சம் கட்டங்கள். பாதி கருப்பு என்றால் சுடும் நேரம் மட்டும் 5 நிமிடம். கண்ணாடிகள் புள்ளிக்குப் புள்ளி தாவி நிற்கும் நேரம் தனி, அது இதைவிட அதிகமாகவே இருக்கும். பொறுமையாக இருங்கள்.

கோடு கோடாக ஓட்டும் முறை வேகமானது. அதில் இருபுறமும் சுட்டால் போகும் கோடும் வரும் கோடும் இம்மி விலகும். கண்ணின் ஓரம் இரட்டையாகத் தெரியும். முகத்துக்கு ஒருபுறம் மட்டும் ஓட்டுங்கள்.


பழம்பாத்திரக் கடை (காரைக்குடி) எழுதியது:

எல்லோரும் கருப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். வெள்ளையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

பளபளப்புத் தட்டு கண்ணாடி மாதிரி. அதற்கென்று நிறம் கிடையாது. எதிரில் வெள்ளைச் சுவர் இருந்தால் வெள்ளை, இருட்டு இருந்தால் இருட்டு. லேசர் தொட்ட இடமோ சொரசொரப்பாகி எல்லாப் பக்கமும் ஒளியைச் சிதறும். இப்போது எங்கள் வீடுகளை நினைத்துப் பாருங்கள். முகப்பில் பர்மாத் தேக்குத் தூண், தேக்குக் கதவு, கருத்த விட்டம். அந்த மரத்தைப் பார்த்தபடி தட்டை மாட்டினால் பளபளப்பான இடம் கருத்தும், லேசர் தொட்ட இடம் வெளுத்தும், படம் நெகட்டிவ் மாதிரி தலைகீழாகத் தெரியும். வளவின் (வீட்டு நடுமுற்றத்தின்) வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பிடித்தால் சரியாகிவிடும். கொடுத்தவரைக் குற்றம் சொல்ல முடியாது, ஆனால் வாங்கியவருக்கு மனம் நோகும்.

அதனால் பளபளப்புத் தட்டு வேண்டாம். மங்கல் முடிப்பு, அல்லது ஒரே திசையில் தேய்த்த முடிப்பு உள்ள தகடு வாங்குங்கள்.


கோவை ஃபைபர் எழுதியது:

மிக முக்கியமான பதிவு. பளபளப்புத் தட்டுதான் கொடுத்திருக்கிறார்கள், மாற்ற முடியாது என்றால் ஒரு வழி உண்டு. படம் வரப்போகும் இடம் முழுவதையும் முதலில் லேசரால் வெளுக்க வையுங்கள். குறைந்த பவர், அதிக வேகம், பல்ஸ்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத அளவு இடைவெளி. 20 கிலோஹெர்ட்ஸில் வினாடிக்கு 1000 மி.மீ. ஓட்டினால் பல்ஸுக்குப் பல்ஸ் 0.05 மி.மீ. வரும், 1400 வைத்தால் 0.07. பனி படர்ந்தாற்போல ஒரு மங்கல் வெள்ளை கிடைக்கும். அதன்மேல் கருப்புப் புள்ளியைப் பதியுங்கள். வெள்ளை எந்தக் கோணத்திலும் வெள்ளையாக நிற்கும். படத்தின் மொத்த வீச்சும் கூடும். படிப்பட்டையையும் இந்த வெளுப்பின் மேலேயே பதிய வேண்டும். வெறும் தட்டில் எடுத்த பட்டை இதற்குச் செல்லாது.


பெயர்வெட்டும் பட்டறை (காரைக்குடி) எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அச்சுக்கூடத்து ஐயா சொன்னபடி படிப்பட்டை பதித்தேன், கோவை அண்ணன் சொன்ன வெளுப்பின் மேல். 1000 டிபிஐயில் 30 சதவீதக் கட்டத்துக்கு மேல் எல்லாம் ஒரே கருப்பு. 363-இல் 80 சதவீதம் வரை படி படியாகப் பிரிந்து தெரிகிறது. 10 சதவீதக் கட்டமும் லேசாகத் தெரிகிறது. இப்படி ஒரு சாம்பல் வரிசையை என் மெஷினில் பார்ப்பது இதுவே முதல் முறை. மனம் நிறைந்துவிட்டது.

பழுப்பும் நீலமும் போய்விட்டன. ஆனால் படத்தில் புழு ஊர்ந்தாற்போலச் சில இடங்களில் கோடுகள் நெளிகின்றன. குறிப்பாக நெற்றியிலும் வேட்டியிலும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம்தான் கையில் இருக்கிறது.


பழைய அச்சுக்கூடம் (தேவகோட்டை) எழுதியது:

வாட்ஸ்அப் படத்தை ஒதுக்குங்கள். வீட்டில் மூலப்படம் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். கேட்டு வாங்கி, சட்டத்திலிருந்து எடுத்து, ஸ்கேன் செய்யுங்கள். கண்ணாடியோடு செல்போனில் எடுத்தால் ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும். பழைய படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் மட்டும் பிரிக்காதீர்கள், உரிந்துவிடும்.

பிறகு அளவு. தட்டில் படம் 100 மி.மீ. என்றால் 363 டிபிஐயில் சுமார் 1430 புள்ளி அகலம். படத்தை முதலில் இந்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, அதன் பின்பே புள்ளியாக மாற்றுங்கள். புள்ளியாக மாற்றிய படத்தை மென்பொருளில் இழுத்துப் பெரிதாக்கினாலோ சுருக்கினாலோ கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் அலை அலையாக வரும்.

முகத்தைத் திருத்தும்போது பின்னணியை முழுவதும் வெளுத்துவிடலாம். கண், மூக்கின் ஓரம், உதடு, தாலி ஆகியவற்றைக் கொஞ்சம் கூர்மையாக்குங்கள். கன்னத்தைத் தொடாதீர்கள். வயது காட்டும் கோடுகளைத் தேய்த்து அழிக்கவும் வேண்டாம். கேட்டது அவர்கள் முகம்.


மின்வேதியியல் மாணவி (காரைக்குடி) எழுதியது:

புழுக்கோடு, புள்ளி தூவும் கணக்கிலிருந்து வருவது. ஃபிலாய்டும் ஸ்டைன்பெர்க்கும் 1976-இல் வெளியிட்ட முறைதான் பல மென்பொருள்களில் இருக்கிறது. ஒரு கட்டத்தைக் கருப்பு அல்லது வெள்ளை என்று முடிவு செய்ததும், மிஞ்சும் பிழையைப் பக்கத்து நான்கு கட்டங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. ஒரே சீரான இளநிறப் பரப்பில் இது நெளிகோடாகத் தெரியும். அதே ஆண்டு வந்த ஜார்விஸ் முறை பிழையைப் பன்னிரண்டு கட்டங்களுக்குப் பரப்புகிறது. நெற்றிக்கும் வேட்டிக்கும் அது மென்மையாக இருக்கும். ஸ்டக்கி முறையும் அதை ஒட்டியதே.

மாற்றுவதற்கு முன் படிப்பட்டையில் கண்ட வளைவை, அதாவது எந்தச் சதவீதம் எவ்வளவு கருப்பாக விழுகிறது என்ற கணக்கைப் படத்துக்கு ஏற்றிவிடுங்கள், அண்ணா. உங்கள் தட்டு 80-இலேயே முழுக் கருப்பாகிறது என்றால், படத்தின் ஆழ்ந்த கருப்பை 80-க்கு இறக்குங்கள். 10-க்குக் கீழே எதுவும் தெரியவில்லை என்றால், வெள்ளை வேட்டியின் மடிப்பு நிழலை 10-க்கு மேல் தூக்குங்கள்.


கோவை ஃபைபர் எழுதியது:

ஒரு கண்டிப்பான வார்த்தை. பளபளப்புத் தட்டில் வேலை செய்கிறீர்கள். 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரைக்குப் போய்ச் சேரும். கண் கூசாததால் இமையும் மூடாது. தட்டிலிருந்து திரும்பும் கற்றையே பார்வையைப் பறிக்கப் போதும். 1064-க்கென்று குறிப்பிட்டு விற்கும் கண்ணாடியை அணியுங்கள். வெல்டிங் கண்ணாடி அதற்கு மாற்றாகாது. கடைக்கு வந்தவர்கள், குழந்தைகள் எட்டிப் பார்க்காதபடி மூடி போடுங்கள். திறந்த மேசையில் வைத்துக் கூட்டத்துக்குக் காட்டும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அது கூடவே கூடாது.


பெயர்வெட்டும் பட்டறை (காரைக்குடி) எழுதியது:

கண்ணாடி இருக்கிறது, மூடி இந்த வாரமே செய்யச் சொல்லிவிட்டேன்.

மூலப்படம் கிடைத்தது. ஜார்விஸ் முறையில், வளைவு ஏற்றி, சோதனைத் தட்டில் பதித்தேன். கழுத்துருவின் உருக்கள் தனித்தனியாகத் தெரிகின்றன. வீட்டார் பார்த்துச் சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

இதைப் பார்த்துவிட்டு, அதே படத்தைப் பித்தளைச் சொம்பிலும் போட முடியுமா என்று கேட்கிறார்கள்.


பழம்பாத்திரக் கடை (காரைக்குடி) எழுதியது:

பித்தளையில் வேண்டாம், தம்பி. எவர்சில்வரில் விழும் கருப்பு குரோமியம் கலந்த ஆக்சைடு, புளிக்குச் சட்டென்று அசையாது. பித்தளையில் விழும் கருமையோ புளியில் கரையும். எந்த வீட்டில் பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்க்காமல் இருக்கிறார்கள்? நாலு வெள்ளிக்கிழமையில் முகம் மறைந்துவிடும். பழைய சாமான்களில் சிற்றுளியால் வெட்டிய விலாசம் இத்தனை தலைமுறையாக நிற்கிறது என்றால், அது நிறத்தை நம்பாமல் ஆழத்தை நம்பியதால்தான்.


கோவை ஃபைபர் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். தாமிரம் கலந்த உலோகம் இந்த ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்புகிறது, வெப்பத்தையும் வேகமாகக் கடத்துகிறது. பவரை ஏற்றினால், தாமிரம் 1085 டிகிரியில் உருகுவதற்கு முன்பே துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்துப் புகையாகிறது. அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். புகை உறிஞ்சி இல்லாமல் பித்தளையைத் தொடவே கூடாது.

சொம்பின் வளைவும் ஒரு தடை. 160 மி.மீ. லென்ஸில் போகஸ் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகினாலே புள்ளி பருத்து, நீங்கள் எடுத்த படிப்பட்டை பயனற்றதாகிவிடும். சுழற்றியில் மாட்டி, படத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்துப் பதித்தால் முகத்தின் நடுவில் இணைப்புக்கோடு தெரியும். சொம்பில் பெயரும் நாளும் ஆழமாக வெட்டிக் கொடுங்கள். படம் தட்டிலேயே இருக்கட்டும்.


பெயர்வெட்டும் பட்டறை (காரைக்குடி) எழுதியது:

அப்படியே சொல்லிவிட்டேன், ஏற்றுக்கொண்டார்கள். சொம்பில் விலாசம் மட்டும். தட்டு நாளை பதிகிறேன். என் 363 டிபிஐ படிப்பட்டையின் படத்தையும், மெஷின் அமைப்பையும் கீழே இணைத்திருக்கிறேன். 20 வாட் மெஷின் வைத்திருக்கும் மற்றவர்களும் தங்கள் தட்டில் எடுத்த பட்டையை இங்கே போடுங்கள். 202 தர எவர்சில்வரில் எடுத்தவர்கள் இருந்தால் அதை முதலில் பார்க்க விரும்புகிறேன், இந்தப் பக்கத்துப் பாத்திரக் கடைகளில் அதுவும் நிறைய வருகிறது.